மலையேறக் காத்திருந்த நாள்

என் ஆசைத் தம்பி குணாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் தொடங்க வருகிறது. பழக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ தீவிலிருந்து போன் போடும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது அதைத்தானே. நீயும், "நல்லா இருக்கேன்கா. மீனுங்களும் நல்லா இருக்கு" என்பாய். மீன்களை நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. நீயாகத்தான் சொல்வாய்.

இன்றும் ஞாயிறு சாயங்காலம்தான். மழை பிடித்துக்கொண்டது. பனி இறங்கி, எதிர் லயத்து வீடுகள்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஈப்போவுக்குக் குடிபோய்விட்டார்கள். அந்த வீட்டில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான், பார்த்தால் சிரிப்பார்கள். அதற்குமேல் பேச எங்களுக்கு மொழி இல்லை. பேக்டரியில் தேயிலைத் தூள் பொட்டலம் போடும் இடத்தில் ஏதாவது பேசினால்தான் உண்டு. வீட்டுக்கு வந்துவிட்டால் மறுநாள் காலைவரை என் குரல் எனக்கே கேட்பதில்லை.

இதை எழுதி உன் படத்துக்குக் கீழே மடித்து வைத்திருக்கலாம். பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். அப்பா செத்தபோது உன்னை ஊரறியத்தான் பேசினார்கள். நடந்தது என்ன என்பதும் ஊரறியத் தெரியட்டும்.

நம் மலைத் தோட்டத்தில் யாருக்கு நீந்தத் தெரியும்? ஆற்றில் கால் வைத்தாலே எலும்பைக் கடிக்கிற குளிர். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு கீழே கடற்கரையில், லூமூட்டில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டுக்கு வேலைக்குப் போன நீ, அங்கே வந்த முக்குளிப்புக்காரர்களின் சாமான்களைக் கழுவிக் கொடுத்து, அவர்களோடேயே கடலில் இறங்கப் படித்துக்கொண்டாய். அப்படியே கடல் தாண்டி சபாவுக்குப் போய், அங்கிருந்தும் கடலுக்குள் தள்ளிக் கிடக்கிற அந்தப் பவளத்தீவில் வழிகாட்டி வேலையில் உட்கார்ந்துவிட்டாய். "கடலுக்கு நடுவுல ஒரு வளையல் கெடக்கிற மாதிரிக்கா" என்று சொன்னாய். "வளையல் பூராவும் பவளப்பாறை. உள்ளுக்குள்ள தண்ணி பச்சையா, குளம் மாதிரி அசையாம இருக்கும். வெளிப்பக்கம் சட்டுனு செவுரு மாதிரி எறங்கிடும். அடி தெரியாது." அந்த வளையலில் ஒரே ஒரு திட்டு மணல். அதில் கொஞ்சம் அறைகள், ஒரு படகுத்துறை, நிறைய கடற்பறவைகள். அவ்வளவுதான் உன் ஊர்.

அந்த மணல்கூடக் கிளிமீன் பவளத்தைக் கடித்துத் தின்று வெளியே போட்டதுதான் என்று நீ சொன்னபோது, "அப்ப நீ மீன் பீ மேலயா படுத்துத் தூங்குற?" என்று கேட்டேன். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவும் சிரித்தார். அவருக்கு மூச்சு வாங்கும். சிரித்தால் இருமல் வந்துவிடும். இருந்தும் சிரித்தார்.

அப்பாவின் நெஞ்சு அந்த வருஷம் மோசமாகிக்கொண்டே வந்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒருநாள் மத்தியானம் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். உனக்குப் போன் போட்டேன். நீ அப்போதுதான் தண்ணீரிலிருந்து ஏறியிருந்தாய். அன்றைக்கு மூன்று தடவை இறங்கியிருந்தாய். அதற்கு முந்தின நாளும், அதற்கு முந்தின நாளும் அப்படியே.

"நான் இப்பவே கெளம்புறேன்கா" என்றாய். பின்னாலிருந்து யாரோ மலாயில் சத்தம் போடுவது கேட்டது. அது உன்னோடு வேலை பார்க்கிற ஜமில் என்று பிறகுதான் தெரியும். நீ அவனோடு சண்டை போட்டாய். திரும்ப என்னிடம் வந்து, "படகுல கரைக்கு வந்துடுவேன்கா. ஆனா ஒரு நாள் கழியாம பிளேன் ஏறக்கூடாதாம். மலையும் ஏறக்கூடாதாம். எனக்குத் தெரியும், எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் குடுக்கிறவன். பரவால்லக்கா, எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் வர்றேன்" என்றாய்.

"ஏறுனா என்னடா ஆகும்?" என்று கேட்டேன்.

ஆழத்தில் தண்ணீர் நம்மை அமுக்குகிறதாம். அப்போது இழுக்கிற காற்று ரத்தத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுமாம். அது வெளியே வர நேரம் வேண்டும். அவசரப்பட்டு உயரத்துக்குப் போனால், குலுக்கின சோடா போத்தலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் நுரைத்துக்கொண்டு வரும். கை கால் விளங்காமல் போகலாம். உயிரே போகலாம். நீ இதையெல்லாம் அவசர அவசரமாக, ஒன்றுமே இல்லாத மாதிரி சொன்னாய்.

நான் அப்பாவின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு உன்னிடம் சொன்னேன்: "அப்பா போகப் போறாருடா. நீயும் போயிடாத. இருந்து வா."

நீ அழுதாய். நான் போனை வைத்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் பேசினால், வந்துவிடு என்று சொல்லிவிடுவேனோ என்ற பயம்.

மறுநாள் விடிவதற்கு முன் அப்பா போய்விட்டார். குணா ராத்திரிக்குள் வந்துவிடுவான், அடுத்த நாள் எடுக்கலாம் என்று சித்தப்பாவிடம் கெஞ்சினேன். சித்தப்பா கேட்கவில்லை. "அப்பன் சாவுக்கு வர ஆபீஸ்ல லீவு கெடைக்கலன்னாலாச்சும் ஒத்துக்கலாம். கடற்கரையில ஒக்காந்து நேரம் பாத்துக்கிட்டிருக்கானாம். நல்லா இருக்கு லா கதை" என்றார். மத்தியானமே எடுத்துவிட்டார்கள். சித்தப்பா மகன் ரவிதான் கொள்ளி வைத்தான்.

நீ வந்தபோது ராத்திரி ஆகியிருந்தது. வாசலில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வந்துட்டாரு துரை. அண்ணன் சாம்பலே ஆறிப் போச்சு, இப்பதான் வர்றாரு" என்றார். நீ சொல்லப் பார்த்தாய். ரத்தத்தில் காற்று என்று தொடங்கினாய். அவர் மேற்கொண்டு பேச விடவில்லை. "ஒடம்புல காத்தாம். எங்களுக்கெல்லாம் ஒடம்புல என்னா இருக்கு, மண்ணா?" யாரோ சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரித்தார்கள், குணா.

நீ குழாயடியில் தலை முழுகிவிட்டு உள்ளே வந்து, அப்பா படுத்திருந்த இடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாய். நான் கொண்டுவந்த தேத்தண்ணி ஆறிப்போனது. "நீ சொன்னதத்தாங்கா கேட்டேன்" என்றாய். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். "அதனாலதான்டா நீ இங்க ஒக்காந்திருக்க" என்றேன். அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் அதைப் பேசவே இல்லை. தீபாவளிக்கு வந்தால் என்னோடு இருந்துவிட்டு அப்படியே இறங்கிவிடுவாய். திரிங்காப்புக்கு, சித்தப்பா வீட்டுக்கு, நீ போகவில்லை. அவரும் உன்னை வரச் சொல்லவில்லை.

போன வருஷம் நீயும் போய்விட்டாய். மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டுப் படகுத்துறையில் காற்று உருளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். படகு கரைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடல் உன்னை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் இங்கே எல்லாரும், "தம்பியக் கடல் கொண்டுக்கிச்சாமே" என்றுதான் கேட்கிறார்கள். முதலில் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நடக்கிறேன். உனக்கும் ரவிதான் கொள்ளி வைத்தான். சித்தப்பா வந்தார். ரோட்டோரத்தில் லோரிக்குப் பக்கத்தில் நின்றார். வீட்டுக்குள் வரவில்லை.

இப்போதுதான் நான் சொல்ல வந்த சேதி. குணா, நான் உன் தீவுக்குப் போய்விட்டு வந்தேன்.

ஜமில்தான் கூப்பிட்டான். நீ போன பிறகு மாதம் ஒரு தடவையாவது போன் போடுவான். அவனுக்குத் தமிழில் தெரிந்தது நீ சொல்லிக் கொடுத்த மூன்றே சொற்கள். "அக்கா, சாப்டியா?" என்று தொடங்கி மலாய்க்குப் போய்விடுவான். உன் வயசுதான் என்றாலும் அவன் பேச்சில் பெரிய மனுஷன் தோரணை. "பருவமழை முடிந்து கடல் திறந்துவிட்டது அக்கா. வா. அவன் இருந்த இடத்தை ஒரு தடவை பார்" என்றான். நீ எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாய்? அப்பாவை யார் பார்ப்பது என்பேன். அப்பா போன பிறகு, லீவு இல்லை என்பேன். இப்போது சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. போனேன்.

விமானத்திலிருந்து முதல் தடவையாக அவ்வளவு பெரிய கடலைப் பார்த்தேன். அதற்குப் பிறகு படகு. வழியெல்லாம் வாந்தி. தீவில் கால் வைத்ததும் பறவைகளின் கூச்சலும் எச்ச நாற்றமும்தான். நீ போனில் அதைச் சொன்னதே இல்லை, திருடா. உன் அறையில் வேறொரு பையன் இருக்கிறான். கொடியில் அவன் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஜமில் அறையைத் திறந்து காட்டவா என்றான். வேண்டாம் என்று விட்டேன்.

ராத்திரியில் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். காலையில் ஜமில் என்னைத் தண்ணீரில் இறக்கினான். வளையலுக்கு உள்பக்கம்தான், அதிக ஆழம் கிடையாது. முதலில் மார்பளவு தண்ணீரில் முழங்கால் போட்டு உட்காரச் சொன்னான். வாயில் ரப்பர், மூக்கை மூடிய கண்ணாடி, முதுகில் பாரம். தலை முங்கிய உடனே எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அடித்துப் பிடித்து எழுந்து, எல்லாவற்றையும் துப்பிவிட்டு அழுதேன். படகில் இருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாகப் போய்விட்டது.

ஜமில் அவசரப்படவில்லை. என் முன்னால் தண்ணீரில் நின்றுகொண்டு, "மெதுவா, அக்கா" என்றான்.

குணா, அவன் அந்தச் சொல்லை உன் குரலில் சொல்கிறான். நீ இழுக்கிற மாதிரியே, "மெது...வா." நீ சொல்லிக் கொடுத்தது அப்படித்தானே இருக்கும். நான் ரப்பரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

இறங்க இறங்கக் காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதச் சொன்னான். அது எனக்குத் தெரியும். தாப்பா ரோட்டில் பஸ் மலையிலிருந்து கீழே இறங்கும்போதெல்லாம் நாம் செய்வதுதானே. காது திறந்துகொண்டது. அதோடு பயமும் பாதி இறங்கியது.

கடலுக்குள் சத்தமே இருக்காது என்று நினைத்திருந்தேன். சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி எல்லாப் பக்கமும் சடசடவென்று கேட்கிறது. கிளிமீன்கள் பாறையைக் கடிப்பது தனியாகக் கேட்டது, வெல்லக்கட்டியைக் கடிப்பதுபோல. பச்சையும் ஊதாவுமாக, பல்லை வெளியே நீட்டிக்கொண்டு, அவை தின்றுகொண்டே போயின. ஒன்று எனக்கு முன்னாலேயே மணலைப் பொலபொலவென்று விட்டது. நான் ரப்பருக்குள்ளேயே சிரித்து, உப்புத் தண்ணீரைக் குடித்தேன்.

கடல் சாமந்தியையும் பார்த்தேன். அதன் பெயரை நீ சொன்னபோது, திரிங்காப்பில் ரவி கூடாரம் போட்டு வளர்க்கிற சாமந்தியைத்தான் நினைத்துக்கொண்டேன். இது விரல் விரலாக ஆடுகிறது. அதற்குள்ளிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன மீன் வெளியே வந்து, இவ்வளவு பெரிய என்னை முட்ட வந்தது. அது வீட்டை விட்டு ஒரு முழம்கூடப் போகாது, வாழ்க்கை முழுக்க அங்கேயே என்றாய் நீ. அதை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஓர் ஆமை. வயசானது. முதுகெல்லாம் பாசி. மணலில் படுத்திருந்தது எழுந்து, எங்களைக் கடந்து, வளையலில் இருந்த ஓர் இடைவெளி வழியாக அந்தச் சுவர் இறங்குகிற பக்கமாகப் போனது. பச்சைத் தண்ணீர் முடிந்து கருநீலம் தொடங்குகிற இடம். ஜமில் அங்கே போகக் கூடாது என்று கையைக் காட்டினான். ஆமை போய்க்கொண்டே இருந்தது. திரும்பவில்லை.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. அங்கே எந்த மீனும் உன்னைத் தேடவில்லை. அத்தனை வருஷம் அவற்றை உறவுக்காரர்கள் மாதிரி பேசினாயே, ஒன்றுக்காவது தெரியுமா இந்த இடத்துக்கு வருகிறவன் வரவில்லை என்று? எனக்குத் தண்ணீருக்கடியில் அழுகை வந்தது. கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க முடியாது என்பதை நீ சொல்லவே இல்லை. ஜமில் என் கையைப் பிடித்துக்கொண்டான். "சரியா?" என்று விரலால் கேட்டான். சரி என்று காட்டினேன். சரியாக இல்லை. ஆனால் மூச்சு வந்துகொண்டிருந்தது.

நீ வெள்ளையாகிப் போச்சு என்று கவலைப்பட்ட பவளத்தில் பாதி திரும்ப நிறம் பிடித்திருக்கிறதாம். மீதி செத்துவிட்டது. ஜமில் உன்னிடம் சொல்லச் சொன்னான்.

மேலே வந்ததும் அவன் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, ஒரு முழு நாள் விமானம் ஏறக்கூடாது, உன் மலைக்கும் போகக்கூடாது என்றான். "நான் கொஞ்சம்தானே இறங்கினேன்" என்றேன். "கொஞ்சமோ நிறையவோ. குணாவை நான் எப்படிப் பிடித்து வைத்தேன் தெரியுமா? படகுச் சாவியை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். என்னை அடிக்கக்கூட வந்தான். அக்கா இருந்து வா என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். அதற்கப்புறம்தான் படகில் கரைக்குக் கொண்டுவந்து விட்டேன்" என்றான்.

அதனால் கரைக்கு வந்து, கடலைப் பார்த்த ஒரு சின்ன ஹோட்டலில் அந்த நாளைக் கழித்தேன். நீயும் இந்த ஊரில்தான் கழித்திருப்பாய். செய்ய ஒன்றுமில்லை. மார்க்கெட் வரை நடந்தேன், திரும்பினேன். ஜன்னலுக்கு மேலே விமானங்கள் போய்க்கொண்டே இருந்தன. உடம்பில் ஒன்றுமே தெரியவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஓடிப்போய் ஏறிவிடலாம் போலத்தான் இருந்தது. எனக்கு வீட்டில் காத்திருக்க யாரும் இல்லை. எனக்கே அந்த நாள் நகரவில்லை. உனக்கு அங்கே அப்பா செத்துக்கொண்டிருந்தார். எப்படியடா உட்கார்ந்திருந்தாய்? எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?

மலைக்கு வந்த மறுவாரம் திரிங்காப்புக்குப் போனேன். சித்தப்பா கொட்டகையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தார். கண் சரியாகத் தெரிவதில்லை. விரலால் அழுத்திப் பார்த்துத்தான் பிரிக்கிறார். எனக்கு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார்.

"எங்கடி போயிருந்த? ஆளக் காணோம்னாங்க."

"குணா இருந்த தீவுக்கு சித்தப்பா. கடலுக்குள்ள எறங்கினேன்."

"நீயா?" தக்காளியைக் கீழே வைத்தார். "ஒனக்கென்ன பைத்தியமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கிளிமீன், ஆமை எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "மேல வந்ததும் என்னய ஒரு நாள் ஒக்கார வச்சுட்டாங்க சித்தப்பா. பிளேன் ஏறக்கூடாது, மலை ஏறக்கூடாதுன்னு. நான் எறங்குனது ஒரே தடவ. நம்ம பேக்டரி கூரை ஒசரம்கூட இருக்காது. அதுக்கே ஒரு நாள். அவன் அன்னிக்கி மூணு தடவ, அதவிட எவ்வளவோ ஆழத்துல எறங்கியிருந்தான்" என்றேன்.

சித்தப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவன் ஒடனே வந்திருந்தா?"

"ரெண்டு பேரையும் எடுத்திருப்போம்."

வெளியே லோரி பின்னால் வந்து நின்றது. ஆட்கள் பெட்டிகளை ஏற்றத் தொடங்கினார்கள். சித்தப்பா ஒரு தக்காளியை எடுத்து அழுத்திப் பார்த்து, திரும்ப அதே பெட்டியில் போட்டார்.

"அன்னிக்கே வெவரமா சொல்லியிருக்கலாம் லா."

"சொன்னான் சித்தப்பா."

"ஆமா," என்றார். "சொன்னான். நான்தான் பேச விடல." பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "அண்ணன ஒரு நாள் வச்சிருக்கலாம். இந்தக் குளுருக்கு ஒண்ணும் ஆயிருக்காது" என்றார்.

இத்தனை வருஷம் இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். வந்தபோது அதை வாங்கிக்கொள்ள நீ இல்லை. நான் தனியாக வாங்கி என்ன செய்ய?

கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். "அவன் போட்டோ ஒண்ணு குடு. அண்ணன் பக்கத்துல மாட்டணும்."

என் போனில் இருந்ததைக் காட்டினேன். படகில், ஈரத்தோடு, முக்குளிக்கிற கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரிக்கிறாயே, அது. கண்ணுக்கு ரொம்பக் கிட்டே வைத்துப் பார்த்தார். "சட்ட போட்ட போட்டோ இல்லியா?" என்றார். தேடினேன். சட்டை போட்ட படங்களில் எல்லாம் நீ யாரோ மாதிரி விறைப்பாக நிற்கிறாய்.

"சரி விடு," என்றார். "இதயே குடு. இதுலதான் சிரிக்கிறான்."

ரவி அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுவிட்டான். அவர்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு முறைக்கிறார். பக்கத்தில் நீ சட்டையில்லாமல் சொட்டச் சொட்ட நிற்கிறாய். சித்தப்பா தினமும் காலையில் இரண்டு பேருக்கும் பூ வைக்கிறாராம். உனக்கு வைக்கும்போது ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்கிறார் என்று ரவி பெண்டாட்டி சொன்னாள்.

இனி என்ன செய்யப் போகிறேன் என்று கேட்பாய். ஈப்போவில் ஒரு நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று தனி நேரம் இருக்கிறதாம். லீவு நாளில் பஸ் பிடித்துப் போகலாம் என்று இருக்கிறேன். ஐம்பது வயசுக்காரி நீச்சல் படிக்கிறாளாம் என்று பேக்டரியில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். படித்துவிட்டுத் திரும்பவும் உன் தீவுக்குப் போவேன், தம்பி. இந்தத் தடவை ஜமில் கையைப் பிடிக்காமல் இறங்குவேன். அந்தக் கருநீலத்தின் ஓரம் வரை போய், நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று நானும் பார்ப்பேன். பார்த்துவிட்டு மேலே வந்து, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்து, பத்திரமாக மலையேறுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன்னை இருந்து வரச் சொன்னவள்,
இன்னும் இங்கேயே இருக்கிற உன் உடன்பிறந்தவள்,
தேவி அக்கா